பரிசிலும் வரிசையும்

எழுத்தை நம்பி வாழ்தல் தமிழர்க்குப் புதிய தொழில் அன்று. ஒருவரிடத்தே நிலையான பணியும் மாதந்தோறும் வரும் ஊதியமும் இன்றி, தம் புலமை ஒன்றையே கைம்முதலாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்று பாடி, பெற்றதைக் கொண்டு சுற்றம் ஓம்பிய புலவர் பலரைச் சங்க நூல்கள் நமக்குக் காட்டுகின்றன. இன்று 'பிரீலான்ஸ்' என்று ஆங்கிலச் சொல்லாலும் 'தன்னுரிமை எழுத்தாளர்' என்று தமிழாலும் நாம் குறிக்கும் வாழ்க்கைக்குப் பழந்தமிழர் கண்ட பெயர் பரிசில் வாழ்க்கை என்பதாகும்.

இவ்வாழ்க்கையை மேற்கொண்டவர் முன் என்றும் மூன்று வினாக்கள் நிற்கின்றன. என் உழைப்பின் மதிப்பு யாது? அதனை அளப்பவர் யார்? அம்மதிப்பை நான் வாய்விட்டுக் கேட்பது தகுமா? இவற்றுக்கு விடை காணாமலே தமிழ் எழுத்தாளர் பலர் வாழ்ந்து மறைந்தனர். அவர்கள் வறுமையைப் புகழ்ந்து பேசுவதை நாமும் ஓர் இலக்கிய வழக்காக ஆக்கிக் கொண்டோம். ஆயின் இவ்வினாக்களை நேர்நின்று எதிர்கொண்ட பாடல்கள் நம் இலக்கியத்தின் தொடக்கத்திலேயே உள்ளன.

புறநானூற்றுப் பரிசில் பாடல்களைக் கொடுத்தோரின் பக்கம் நின்றே படிப்பது நம் மரபாகிவிட்டது. பாடநூல்களிலும் பட்டிமன்ற மேடைகளிலும் வள்ளல்களின் கொடைத்திறம் பேசப்படுகிறது. முல்லைக்குத் தேரும் மயிலுக்குப் போர்வையும் நினைவில் நிற்கின்றன. பெற்றோரின் பக்கம் நின்று, ஒரு தொழிலாளியின் குரலாக இப்பாடல்களைப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காணாமல் கொடுத்த கொடை

பெருஞ்சித்திரனார் வறுமையை மறைக்காத புலவர். குமணனை நோக்கிப் பாடிய பாடல்களில் (புறம் 159, 160) தம் வீட்டின் நிலையை அவர் ஒளிவின்றி எடுத்துரைக்கிறார். முதுமையால் வாழ்வை வெறுத்த தாயும், பசியால் மெலிந்த மனைவியும், வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழும் மகனும் அப்பாடல்களில் நம் கண்முன் நிற்கின்றனர். புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் தாய் அப்பிள்ளையின் அழுகையை அடக்க முயல்கிறாள். இவ்வளவு துன்பத்தையும் புரவலன் முன் எடுத்து வைப்பதற்குப் புலவர் நாணவில்லை.

இத்தகைய வறுமையுடையவர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றபோது நிகழ்ந்ததைப் புறம் 208 கூறுகிறது. குன்றுகளும் மலைகளும் பல கடந்து வந்த புலவரை அதியமான் நேரில் காணவில்லை; இதைக் கொண்டு செல்க என்று பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். பசித்த மகன் வீட்டில் காத்திருக்கிறான். பொருளோ கைக்கு எட்டிவிட்டது. எனினும் புலவர் அதனை ஏற்கவில்லை. என்னைக் காணாமலே அவன் என்னை எவ்வாறு அறிந்தான் என்று வினவுகிறார். காணாமல் கொடுத்ததைப் பெற்றுச் செல்வதற்குத் தாம் வணிக நோக்குடைய இரவலர் அல்லர் என்கிறார். தம் புலமையின் அளவை அறிந்து, விரும்பிக் கொடுத்தால் தினையளவு பொருளும் தமக்கு இனியதே என்று முடிக்கிறார்.

இப்பாடல் பல வேளைகளில் தவறாகப் பொருள் கொள்ளப்படுகிறது. புலவன் பொருளை எண்ணக் கூடாது, கலைக்கு விலை பேசுதல் இழிவு என்பதற்கு இதனை மேற்கோள் காட்டுவோர் உளர். எழுதியவர்க்கு ஒன்றும் கொடாமல் அனுப்ப விரும்புவோர்க்கு இப்பொருள் மிகவும் வசதியானது. ஆனால் பெருஞ்சித்திரனாரின் பிற பாடல்கள் இதற்கு இடம் தரவில்லை. அவர் கேட்கிறார், வெளிப்படையாகக் கேட்கிறார், பெறவும் செய்கிறார். வெளிமானின் தம்பி இளவெளிமான் தகுதி அறியாது சிறிது கொடுக்க, அதனைக் கொள்ளாது போய்க் குமணனிடம் யானையே பெற்று, அந்த யானையை இளவெளிமானின் காவல்மரத்தில் கொண்டுவந்து கட்டி, இரப்போர்க்கு ஈவோரும் உலகில் உண்டு என்று காட்டிச் சென்ற புலவரும் இவரே (புறம் 162). பொருளை வெறுத்த துறவியின் செயல் அன்று இது. தம் உழைப்புக்கு உலகில் உரிய மதிப்பு உண்டு என்று அறிந்த தொழிலாளியின் செயல்.

புறம் 159 இவ்வெண்ணத்தை மேலும் தெளிவாக்குகிறது. மனமின்றிக் கொடுக்கும் பெருங்களிற்றைக் கொள்ளேன். மகிழ்ந்து கொடுப்பது குன்றிமணியளவே ஆயினும் கொள்வேன் என்பது அதன் கருத்து. ஆகவே பெருஞ்சித்திரனாரின் அளவுகோலில் பொருளின் அளவு ஒரு புறமும், கொடுப்பவர் புலவரை அறிந்தாரா என்பது மறுபுறமும் நிற்கின்றன. முன்னதைப் பரிசில் என்றும் பின்னதை வரிசை என்றும் கொள்ளலாம். அவர் மறுத்தது வரிசை இழந்த பரிசிலை. வரிசை உண்டாயின் பரிசில் சிறிதாயினும் ஏற்பார். பரிசிலே வேண்டா என்று அவர் ஓரிடத்தும் சொல்லவில்லை.

எளிதும் அரிதும்

வரிசை என்னும் சொல்லை இன்று நாம் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பதற்கும், திருமண வீட்டில் சீர் எடுத்துச் செல்வதற்கும் வழங்குகிறோம். பழந்தமிழில் அது தகுதியின் தரத்தையும் அத்தரம் அறிந்து செய்யும் சிறப்பையும் குறித்தது. மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் கூறிய அறிவுரையில் (புறம் 121) இச்சொல்லின் முழு ஆழமும் தெரிகிறது. நாற்றிசையிலிருந்தும் பரிசிலர் பலர் வருகின்றனர். அவர்களுக்குக் கொடுத்தல் எளிது, அவரவர் தரத்தை அறிதலே அரிது. ஆதலால் புலவர் எல்லாரையும் ஒரே பார்வையால் நோக்குவதை விட்டுவிடு என்கிறார் கபிலர்.

காரியின் கொடையில் குறை காணவில்லை கபிலர். அவன் பார்வையிலேயே குறை காண்கிறார். நல்லதையும் அல்லதையும் ஒரே தட்டில் வைத்து, எல்லார்க்கும் ஒரே மாலை, ஒரே துண்டு, ஒரே புகழுரை வழங்கும் வழக்கம் அன்றும் இருந்திருக்கிறது போலும். அது சமநீதி போலத் தோன்றும். உண்மையில் படைப்பைப் படிக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்கும் வழியே அது. இலக்கியத் திறனாய்வின் அடிப்படைக் கடமையை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புரவலனிடம் வைத்த கோரிக்கையாக இப்பாடலைக் கொள்ளலாம்.

வரிசை என்பது இருமுனைக் கருவி என்பதையும் மறத்தலாகாது. தன் தரத்தைப் பிறர் அறிய வேண்டும் என்று கேட்பவன் முதலில் அதனைத் தானே அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் யானை கேட்க இயலாது. உறையூரில் ஒற்றன் எனப் பிழையாகக் கருதப்பட்டுக் கொல்லப்படவிருந்த இளந்தத்தன் என்னும் புலவரைக் காக்கக் கோவூர்கிழார் நெடுங்கிள்ளியிடம் பாடிய பாடல் (புறம் 47) பரிசிலரின் வாழ்க்கைக்கு இலக்கணம் வகுக்கிறது. பறவை போல் நெடுந்தொலைவு செல்லுதல், பெற்றதில் மகிழ்தல், சேர்த்து வையாது பிறர்க்குக் கொடுத்தல், வரிசைக்காக வருந்துதல் ஆகியவற்றோடு, கல்வியால் எதிர்த்தோரை நாணச் செய்து தலைநிமிர்தலையும் அவர் கூறுகிறார். அரசர்க்கு நிகரான தலைமை புலவர்க்கு உண்டு என்பது அதன் பின்னரே வருகிறது. கல்வி முந்தியது, பெருமிதம் பிந்தியது. இவ்வரிசை மாறினால் பெருமிதம் வெற்றுச் செருக்காகும்.

தச்சரும் காடும்

தன்மதிப்பைப் பற்றிய பாடல்களுள் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது ஔவையார் பாடிய புறம் 206. அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தினான். ஔவையார் அவனிடம் சினம் கொண்டு பேசவில்லை. வாயில் காவலனை நோக்கிப் பேசுகிறார். உன் தலைவன் தன்னை அறியானோ, என்னை அறியானோ என்று கேட்கிறார். அறிவும் புகழும் உடையோர் மாண்டு உலகம் வறிதாகிவிடவில்லை என்கிறார். பின் யாழையும் மற்றக் கருவிகளையும் கட்டி எடுத்துக் கொண்டு புறப்பட ஆயத்தமாகிறார்.

அப்போது அவர் கூறும் உவமை எண்ணி எண்ணி மகிழத் தக்கது. மரவேலையில் கைதேர்ந்த தச்சரின் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் செல்வது போன்றது தம் நிலை என்கிறார். காட்டில் அவர்கட்கு எந்த மரமும் பயன்படும். அவ்வாறே கலை அறிந்தவர்க்கு எத்திசையிலும் உணவு உண்டு. ஒரு பெரும்புலவர் தம் கல்விக்கு உவமை தேடும்போது கடலையோ இமயத்தையோ நாடாமல் தச்சரின் கைத்தொழிலை நாடியது குறிப்பிடத் தக்கது. புலமையை அவர் ஒரு தொழிலாகவே கண்டார். தொழில் என்று கண்டதால் அதன் பெருமை குறையவில்லை. கையில் திறமும் தோளில் கருவியும் இருக்கும்வரை ஒரு வாயில் அடைபட்டால் மறுவாயில் உண்டு என்னும் துணிவு அதனாலேயே அவருக்குப் பிறந்தது.

இவ்வுவமை நம்மைப் போன்று பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு மிகவும் அணுக்கமானது. மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் நாம் எதைக் கொண்டு வந்தோம்? தட்டச்சோ, கணக்கோ, பொறியியலோ, சமையலோ, தையலோ, ஏதோ ஒரு கைத்திறனைக் கொண்டு வந்தோம். உழைப்புக்கு உரிய கூலி இங்கே கிடைக்கும் என்று நம்பியே வண்டி ஏறினோம். ஒரு திங்கள் ஊதியம் தாமதமானாலும் அலுவலகத்தில் கேட்கத் தயங்கோம். அதே உரிமை எழுதுகோல் பிடித்தவர்க்கும் உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம்.

ஔவையாரின் உறுதி நட்பை முறித்துவிடவில்லை என்பதையும் நோக்குக. சிறிதும் எண்ணாமல் நெல்லிக்கனியைத் தமக்கு ஈந்த அதியமானை அவர் வாழ்த்தினார் (புறம் 91). அவன் மாண்டபோது நெஞ்சு உருகப் பாடினார் (புறம் 235). உரியதைக் கேட்டால் உறவு கெடும் என்று அஞ்சுவோர்க்கு இம்மூன்று பாடல்களையும் சேர்த்துப் படிப்பது நல்ல மருந்தாகும்.

காலம் தாழ்த்துதல்

கொடாமை ஒரு துன்பம். தருவதாகச் சொல்லி நாள் கடத்துவது அதனினும் பெரிய துன்பம். இதற்கெனவே புறத்துறைகளுள் பரிசில் கடாநிலை என ஒன்று அமைந்துள்ளது. காலம் தாழ்த்தும் புரவலனிடம் தன் பரிசிலை வற்புறுத்திக் கேட்பதே அத்துறை. கேட்பதற்கு ஓர் இலக்கிய வடிவத்தையே அமைத்துக் கொடுத்த மொழி நம் மொழி. அதனைப் பேசுவோர் இன்று ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதவும் கூசுகின்றனர்.

ஆவூர் மூலங்கிழார் நன்மாறனை நோக்கிப் பாடிய புறம் 196 இத்துறையின் சிறந்த எடுத்துக்காட்டு. இயன்றதை இயலும் என்று சொல்லிக் கொடுத்தலும், இயலாததை இயலாது என்று மறுத்தலும் ஆகிய இரண்டும் நல்லோர் செயல்களே என்கிறார். இயலாததை இயலும் என்றலும், இயன்றதை இல்லை என்றலும் இரப்போரை வாட்டி, ஈவோர் புகழையும் குறைக்கும் என்கிறார். முடிவில் மன்னனின் மக்கள் நோயின்றி வாழ்க என வாழ்த்தி, வெயிலும் பனியும் பாராது தம் மனைவியிடம் திரும்பிச் செல்கிறார். தெளிவாகச் சொல்லப்பட்ட மறுப்பு ஓர் அறம் என்பதே இப்பாடலின் தனிச்சிறப்பு. 'பார்க்கலாம்', 'அடுத்த இதழில்', 'கணக்கு முடியட்டும்' என்னும் சொற்களால் எழுத்தாளரை அலைக்கழிப்போர் அனைவர்க்கும் இது பொருந்தும்.

அரண்மனை வாயிலும் மக்கள் வாயிலும்

சிற்றரசர்கள் போய்ச் சமீன்தார்களும் மடங்களும் புரவலர்களான பிற்காலத்தில் இக்குரல் பெரிதும் தாழ்ந்தது. அந்தகக்கவி வீரராகவ முதலியார் போன்றோர் பாடிய சீட்டுக்கவிகளில் மட்டும் பழைய மிடுக்கு எஞ்சி நின்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) ஊரார் வேண்டியபடி தலபுராணங்கள் பலவற்றைப் பாடிக் கொடுத்தார். அத்தகைய பெரும்புலவரும் கடன் தொல்லைக்கு உட்பட்டே வாழ்ந்ததை அவருடைய மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் எழுதிய வரலாறு காட்டுகிறது. பாடியவை ஊர்ப் பெருமையாயின. பாடியவரின் கடன் அவருடையதாகவே நின்றது.

பழைய வாயிலும் புதிய வாயிலும் ஒருவர் வாழ்விலேயே அடுத்தடுத்து வருவதைப் பாரதியாரிடம் காண்கிறோம். 1919ஆம் ஆண்டு அவர் எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி அனுப்பினார். சால்வையும் பொற்பையும் பல்லக்கும் கேட்கும் அக்கவியில் இரப்பவனின் குழைவு இல்லை. தன் கவிதையின் தரத்தைத் தானே பறைசாற்றும் குரலே ஒலிக்கிறது. ஆயினும் அக்கவி அவர் வறுமையைத் தீர்க்கவில்லை. அக்குரலைக் கேட்கும் செவி அரண்மனைகளில் அடைந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 1920இல், அவர் மற்றொரு வாயிலைத் தட்டினார். தம் நூல்கள் அனைத்தையும் 40 பகுதிகளாக, பகுதி ஒன்றுக்கு 10,000 பிரதிகள் வீதம் அச்சிடும் திட்டம் ஒன்றை வகுத்து நண்பர்கட்குச் சுற்றறிக்கை விடுத்தார். நன்கொடையை அவர் வேண்டவில்லை. வட்டியோடு திருப்பித் தரும் கடனையே கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதை விடவும் எளிதாகவும் விரைவாகவும் தம் நூல்கள் விற்கும் என்று நம்பினார்.

இவ்விரண்டு ஆவணங்களுள் பாரதியாரின் தன்மதிப்பு உயர்ந்து விளங்குவது எதில்? பல்லக்கைக் கேட்ட கவிதையில் என்று பலர் விடையிறுப்பர். தீப்பெட்டியோடு தம் நூலை ஒப்பிட்ட சுற்றறிக்கையில் என்பதே என் கருத்து. பல்லக்கு ஒருவன் தரும் சிறப்பு. தீப்பெட்டியோ ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளும் வேண்டப்படுவது. தம் கவிதையை அத்தகைய இன்றியமையாப் பொருளாக அவர் மதித்தார். ஔவையார் தச்சரின் கோடரியை நாடியது போலவே பாரதியாரும் அன்றாடப் பொருளையே உவமை ஆக்கியதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திட்டம் நிறைவேறவில்லை, 1921இல் அவர் மறைந்தார். பின்னர் அவர் நூல்களின் உரிமை பலர் கைமாறி, 1949இல் சென்னை மாகாண அரசால் பெறப்பட்டுப் பிறகு மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. அவர் கணித்த வாசகர் கூட்டம் உண்மையிலேயே இருந்தது. அவர் வாழ்நாளில் அது அவரை வந்து சேரவில்லை. பாரதியாரின் வறுமையைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு அவருடைய 1920ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. வறுமைக் கதை நம்மைக் கண்ணீர் விடச் செய்கிறது; சுற்றறிக்கையோ நம்மிடம் பணம் கேட்கிறது. கண்ணீர் செலவில்லாதது.

எள்ளலும் தட்டச்சும்

புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' என்னும் சிறுகதையில் முருகதாசர் என்னும் எழுத்தாளர் வருகிறார். சில்லறைக் கடன்களைச் சுற்றியே அவருடைய ஒரு நாள் கழிகிறது. பெருஞ்சித்திரனாரின் வீட்டையும் முருகதாசரின் வீட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். பழம்புலவர் தம் வறுமையை ஒருவன் முன் நின்று உரிமையோடு எடுத்துரைத்தார். முருகதாசர்க்கு அவ்வாறு முன்னின்று பேச ஒருவருமில்லை. அவரை நடத்துவது அலுவலகமும் அச்சகமும் சந்தையும் கலந்த முகமற்ற ஒன்று. முகமில்லாத புரவலனிடம் சினந்து பயனில்லை. ஆகவே புதுமைப்பித்தனின் எழுதுகோல் எள்ளலை நாடியது. அவ்வெள்ளல் நமக்கு அரிய கலையைத் தந்தது. அவர் வாழ்வைக் காக்கவில்லை. 1948இல் திருவனந்தபுரத்தில் அவர் காலமானபோது அவருக்கு வயது 42.

பரிசில் வாழ்க்கையை மனமறிந்து தேர்ந்து, இறுதிவரை அதில் நிலைத்தவர் க. நா. சுப்ரமண்யம். 1912இல் வலங்கைமானில் பிறந்த அவர், அலுவல் எதையும் நிலையாக மேற்கொள்ளாமல் எழுத்தையே தொழிலாகக் கொண்டார். 1960களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்து, ஆங்கில ஏடுகளில் கட்டுரைகளும் மதிப்புரைகளும் எழுதி ஈட்டினார். தமிழிலோ, கபிலர் காரியிடம் வேண்டிய அரிய வேலையை, அதாவது படைப்புகளின் தரம் பிரித்தறியும் வேலையை, பகையும் பழியும் பாராமல் செய்தார். நட் ஹாம்சனின் 'நிலவள'மும் செல்மா லாகர்லெவின் 'மதகுரு'வும் அவர் மொழிபெயர்ப்பால் தமிழுக்கு வந்தன. 1986ஆம் ஆண்டு 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்னும் நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர், 1988இல் தில்லியில் மறைந்தார். ஔவையார் சொன்ன திசைகளுள் ஒன்றைத் தேடி வந்து, அங்கே மரம் கண்ட தச்சர் அவர். ஆனால் உழைப்புக்குரிய கூலியை ஆங்கிலம் தர, தமிழ் அவரிடம் பெற்றுக் கொண்டது என்பதை நாம் உணர வேண்டும்.

'எழுத்து' இதழை 1959 முதல் 1970 வரை நடத்திய சி. சு. செல்லப்பாவும் இவ்வரிசையில் நினைக்கத் தக்கவர். தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அதனை இரங்கத் தக்க நிகழ்ச்சியாகக் கூறுவோர் பலர். தம் நூல் விலை கொடுத்து வாங்கத் தக்கது என்று ஐயமின்றி நம்பிய ஒருவரின் நடையாகவே எனக்கு அது தோன்றுகிறது.

இன்றைய நிலை

இன்று எழுதி வாழ்வோர்க்குப் பழம்புலவர்க்கு இல்லாத துணை ஒன்று உண்டு. அது சட்டம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவரிடம் ஊழியராக இல்லாமல் தாமே எழுதுபவரே தம் எழுத்தின் முதல் உரிமையாளர் ஆவார். எழுத்து மூலமாகவும் கையொப்பத்துடனும் அமைந்தாலன்றி அவ்வுரிமை பிறர்க்கு மாறாது. மாற்றிக் கொடுக்கும்போது எவ்வுரிமை, எவ்வளவு காலம், எந்நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பவை குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிடின் இந்திய எல்லை என்றும் கொள்ளப்படும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிடின், ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறியிருந்தாலன்றி, அது எழுத்தாளரிடமே திரும்பும். எழுதியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவர் வழியினர்க்கு அவ்வுரிமை நிற்கும்.

சட்டம் பரிசிலைக் காக்கும். வரிசையைக் காக்க இயலாது. அது எழுதுவோரும் படிப்போரும் சேர்ந்து காக்க வேண்டியது. எழுதுவோர் செய்யத் தக்கவை சில உண்டு. தொகையைப் பணி தொடங்குமுன் கேட்டல் வேண்டும். கேட்டல் இரத்தல் ஆகாது. ஒரு பக்கத்தை எழுத எடுத்த நேரத்தோடு, அதனை எழுதும் திறம் பெறச் செலவிட்ட ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். அன்பினால் இலவசமாக எழுதுவதாயின் அதனைத் தாமே முடிவு செய்து, கொடை எனத் தெரிவித்தே கொடுத்தல் வேண்டும். கொடை கொடுப்பவரின் விருப்பம். பறிகொடுத்தல் அவ்வாறு அன்று. இவை அனைத்துக்கும் மேலாக, கோடரியைக் கூர்மையாக வைத்திருத்தல் வேண்டும். ஔவையார் தச்சர்க்குச் சொன்ன முதல் அடைமொழி கைத்திறம் பற்றியதே.

நம் சங்கங்களின் பக்கமும் சற்றே திரும்புவோம். சங்கங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களில் தாளுக்கு விலை கொடுக்கிறோம். அச்சுக்கும் கட்டுமானத்துக்கும் கொடுக்கிறோம். விழாவுக்கு வந்தோர்க்கு உணவளித்தவர்க்கும் கொடுக்கிறோம். இவை யாவும் எதற்காகச் செய்யப்படுகின்றனவோ அந்த எழுத்துக்கு மட்டும் பெரும்பாலும் 'தமிழ்த் தொண்டு' என்று பெயரிட்டு விடுகிறோம். பொருள் வசதி குறைந்த சங்கம் பெருந்தொகை தர இயலாது என்பது உண்மை. அவ்வாறாயின் இயலாது என்று முன்பே சொல்லிவிடலாம். ஆவூர் மூலங்கிழார் அதனையும் அறம் என்றே ஏற்றார். தினையளவு தர இயலுமாயின் அதனை அறிந்து தரலாம். பெருஞ்சித்திரனார் அதனையும் இனிது என்றே கொண்டார்.

அவர் ஏற்காதது ஒன்றே. எழுதியவரை அழைத்து, அவர் நூலில் ஒரு பக்கமும் படியாமல், பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்புகிறோமே, அதுவே இன்றைய காணாக் கொடை. அந்தப் பொன்னாடைக்கு ஆகும் செலவில் அவருடைய நூல்கள் இரண்டு வாங்கி நூலகத்தில் வைத்து, நால்வர் படித்து வந்து அவரிடம் வினாக்கள் கேட்டால், பரிசிலும் வரிசையும் ஒருங்கே அளித்தவர்கள் ஆவோம். குறை கண்டு வினவினாலும் அவர் மகிழ்வார்; குறை காண்பதற்கும் படித்திருக்க வேண்டுமே.

நம் வீடுகளிலும் ஒரு மாற்றம் வேண்டும். எழுதப் போகிறேன் என்று சொல்லும் மகனையோ மகளையோ நோக்கி, எழுத்து சோறு போடுமா என்று கேட்கிறோம். பிள்ளையின் நலம் கருதி எழும் வினா அது, அதனை இகழ்வதற்கில்லை. ஆனால் எழுத்துக்குக் கூலி கொடாத சமூகமும், எழுத்து சோறு போடுமா என்று கேட்கும் குடும்பமும் வேறு வேறல்ல. நாம் விலை கொடுத்து வாங்கும் ஒவ்வொரு தமிழ் நூலும் அவ்வினாவுக்கு ஒரு சிறு விடை. எத்திசைக்குப் போனாலும் அத்திசையில் உணவு உண்டு என்று ஔவையார் துணிந்து கூற முடிந்தது, திசைதோறும் அவர் பாட்டின் தரம் அறிந்தோர் இருந்தமையால். நாம் வந்து வாழும் இத்திசையும் அவற்றுள் ஒன்றாக விளங்குமா என்பது நம் கையில் உள்ளது.